பிள்ளை சத்தம் போடாவிட்டால் ஐந்து நட்சத்திரமா?

குழந்தைச் சாமான்களைப் 'பாவிச்சுப் பாத்துச் சொல்லுறம்' என்று வருகிற வீடியோக்கள் தமிழில் குவிந்து கிடக்கின்றன. வோக்கர், சூப்பி, தானே ஆடுகிற தொட்டில், அழுத்தினால் பாடுகிற புத்தகம், மூளை வளர்ச்சிக்கான பால்மா. எதைத் தேடினாலும் ஒரு அம்மா (கவனியுங்கள், அநேகமாக அம்மாதான்) பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை சிரிக்கும். 'உண்மையாச் சொல்லுறன், இதைக் குடுத்தாப் பிறகு ஆள் பேசாம இருக்கிறார், நான் சமையலையும் முடிச்சிட்டன்' என்று முடியும். கீழே கடையின் இலக்கம். சாமானைக் காசு கொடுத்து வாங்கினாரா, இனாமாக வந்ததா என்று அநேகமானோர் சொல்வதில்லை.

இனாமாக வந்ததை நல்லது என்று சொல்வதில் உள்ள நேர்மைக்கேடு எல்லோருக்கும் விளங்கும். அதற்காக மட்டும் ஒரு கட்டுரை தேவையில்லை. எங்களுடைய கோபம் இந்த விமர்சனங்கள் வைத்திருக்கிற அளவுகோலில்தான். பிள்ளை எவ்வளவு நேரம் பெரியாட்களுக்குத் தொல்லை தராமல் இருந்தது என்பதுதான் அந்த அளவுகோல். இருபது நிமிசம் என்றால் நல்ல சாமான், ஒரு மணித்தியாலம் என்றால் அருமையான சாமான்!

எங்கள் கூட்டில் இப்போது ஐந்து வீடுகளில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு, மட்டக்களப்பில் ஒன்று, ஹற்றன் பக்கம் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று. ஒரு வருடமாகச் சாமான்களையும் புத்தகங்களையும் கைமாற்றிப் பாவித்து வருகிறோம். மூன்று மாதம் ஒரு வீட்டில் கிடந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவது என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். முதல் நாள் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சாமானும் பிடிக்கும். வெறும் பெட்டியும் பிடிக்கும்.

வோக்கரில் தொடங்குவோம். சில்லுப் பூட்டிய வட்டச் சட்டத்துக்குள் பிள்ளையை இருத்திவிட, அது கால் நுனியால் உந்தி வீடு முழுக்க ஓடித் திரியும். கனடா 2004 ஏப்ரலில் இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்தது. படியால் உருண்டு தலை அடிபட்ட பிள்ளைகள்தான் காரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் நெடுங்காலமாகத் தடை கேட்கிறது. கெதியாக நடக்க வைக்கும் என்பதும் பொய். இங்கே என்ன நடக்கிறது? ரொறொன்ரோவில் இருக்கிற மாமா 'பிள்ளைக்கு ஒரு வோக்கர் வாங்கிக் குடுங்கோ' என்று காசு அனுப்புகிறார். தன்னுடைய பிள்ளைக்கு அங்கே எந்தக் கடையிலும் அவரால் அதை வாங்க முடியாது. எங்களுடைய பழைய மர நடைவண்டி வேறு சாதி. பிள்ளை தன் காலில் நின்று, பிடித்துத் தள்ள வேண்டும். விழும். ஆகவே யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்கத் தேவையில்லை என்று சொல்லித்தான் வோக்கர் விற்கப்படுகிறது.

பால்மா விசயம் இன்னும் மோசம். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் உணவுகளை எப்படி விளம்பரப்படுத்தலாம் என்பதற்கு உலக சுகாதாரப் பேரவை 1981 இல் ஒரு கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் கெதியாகவே தனக்கென ஒன்றை உருவாக்கியது. கைக்குழந்தைக்கான பால்மாவைப் பகிரங்கமாகக் கூவி விற்க முடியாது என்றானதும் கொம்பனிகள் 'வளரும் பிள்ளைக்கான' பால் என்று ஒரு புது வகையைக் கண்டுபிடித்தன. அதே நிறப் பேணி, அதே இலச்சினை, அருகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். இந்தத் தொடர் பால்மாக்கள் தேவையற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் 2013 இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு இளம் அம்மா கமராவுக்கு முன்னால் 'இதைக் குடிச்சாப் பிறகு விடிய மட்டும் நித்திரை' என்று சொன்னால் எந்தக் கோவையும் அதைப் பிடிக்காது. கிளினிக்கில் மிட்வைஃப் சொல்வதை விட அந்த நாலு நிமிசம் கூடுதல் தூரம் போகிறது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். சரியான ஆலோசனை. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் தனியார் துறையில் பிரசவ விடுமுறை 84 நாட்கள். ஆறு மாதம் என்றால் ஏறத்தாழ 180 நாட்கள். நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பால்மாப் பேணி வந்து குந்துகிறது. வேலைத்தளத்தில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று பிரசவ நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். எங்களுக்குத் தெரிந்த, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு பெண்களிடம் கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், வரிசையில் எண்ணிக்கை முடிக்காமல் எழும்பிப் போக முடியுமா?

தகப்பனுக்கு? அரச ஊழியர் என்றால் மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒன்றுமில்லை. மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து முடியவே காணாது. பிறகு 'பிள்ளை அம்மாட்டைத்தான் நிக்கும்' என்று ஆம்பிளைகள் பெருமையாகச் சொல்வோம். (எங்கள் கூட்டில் உள்ள அப்பாக்களும்தான். இந்தப் பந்தியை எழுதச் சொன்னது அம்மாக்கள்.)

ஆகவே, பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு உலை வைக்கிற அம்மாவைத் திட்டுவதற்கு நாங்கள் இதை எழுதவில்லை. ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது எங்களுக்கும் தெரியும். கணவன் கட்டாரில், மாமியாருக்கு ஏலாது, இரண்டு பிள்ளை, தண்ணி இரண்டு மணித்தியாலம்தான் வரும் என்றிருக்கிற ஒருத்திக்கு அந்த ஒரு மணித்தியாலம் காணுமா என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தேவையானது இன்னொரு சோடிக் கை. சந்தை அவளுக்குச் சாமானை விற்கிறது. விமர்சனம் செய்கிறவர் அந்தச் சாமானுக்குப் புள்ளி போடுகிறார். கை ஏன் இல்லை என்ற கேள்வி வீடியோவுக்குள் வருவதே இல்லை.

மலையகத்தில் இது வேறு மாதிரி. தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகிற அம்மா பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற இடம். ஆட்கள் தேவை என்பதால் தோட்டத்துரைமார் உண்டாக்கினது, அன்பினால் இல்லை. ஆனாலும் கூட்டாகப் பிள்ளை பார்ப்பதற்கு ஒரு கட்டடம், ஒரு ஆள், ஒரு சம்பளம் என்று நாட்டின் மற்றப் பக்கங்களில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது. ஹற்றன் பக்கத்து எங்கள் தோழி சொன்னாள்: 'கட்டடம் இருக்கு, பாக்க ஆளும் இருக்காங்க. ஒரு கதைப் புத்தகம் மட்டும் இல்ல.' பொம்மை கூட யாரோ நன்கொடை தந்தவை. எட்டாத தட்டில் அடுக்கியிருக்கிறார்களாம்.

புத்தகத்துக்கு வருவோம். ஏனென்றால் புத்தகம் இந்த அளவுகோலில் எப்போதும் தோற்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சமைக்க முடியாது. கிழிக்கும், சப்பும், 'இது என்ன?' என்று சீலையைப் பிடித்து இழுக்கும். இதைச் சரிப்படுத்தத்தான் அழுத்தினால் பேசுகிற புத்தகத்தைச் செய்திருக்கிறார்கள். நாங்களும் ஒன்றை மூன்று மாதம் வைத்திருந்தோம். பிள்ளை பட்டனை அழுத்தும், அது கத்தும், பக்கம் திருப்பவே இல்லை. இரண்டு கிழமையில் பற்றரி இறங்கி, பசு மாடு பேய் மாதிரிக் குரல் எழுப்பத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு அதுதான் நல்லாப் பிடித்தது.

பேசாத புத்தகங்களில் வேறு பிரச்சினை. தமிழில் இங்கே கிடைக்கிற படப் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வருபவை. பின்னட்டையில் 150 ரூபாய் என்றிருக்கும். கடைக்காரர் அதை நாலால் பெருக்கிச் சொல்வார். தோட்டத் தொழிலாளிக்கு 2024 இல் வர்த்தமானியில் அறிவித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். பாதி நாள் மலை ஏறினால் பதினாறு பக்கம்.

வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். திறப்பின் படத்துக்குக் கீழே 'சாவி'. கதிரைக்குக் கீழே 'நாற்காலி'. தோடம்பழத்துக்கு 'ஆரஞ்சு', பப்பாசிக்குப் 'பப்பாளி', அன்னமுன்னாவுக்குச் 'சீத்தாப்பழம்', சவர்க்காரத்துக்குச் 'சோப்பு'. இந்தச் சொற்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவையும் தமிழ்தான், பிள்ளை நாளைக்கு இரண்டையும் தெரிந்து கொள்ளட்டும். ஆனால் இப்போதுதான் பேசத் தொடங்குகிற பிள்ளை 'திறப்பு' என்று சரியாகச் சொல்ல, வாசிக்கிற அம்மம்மா தயங்கி, 'இல்லையணை, சாவி எண்டு போட்டிருக்கு' என்கிற இடத்தில் ஏதோ ஒன்று கெட்டுப் போகிறது. அம்மம்மாவுக்குத் தன்னுடைய தமிழ் பிழை என்று தோன்றுகிறது. அடுத்த முறை 'நீங்களே வாசியுங்கோ' என்று புத்தகத்தை அம்மாவிடம் தள்ளிவிடுகிறார். வீட்டில் இருந்த ஒரேயொரு உபரிக் கையும் போய்விட்டது.

அந்நியமாக இருப்பதுதான் குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எரிக் கார்ல் 1969 இல் செய்த பசியுள்ள மயிர்க்கொட்டிப் புத்தகத்தில் உள்ள அரைவாசிச் சாப்பாட்டை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் பக்கங்களில் ஓட்டை இருக்கிறது, விரலை விட்டு எண்ணலாம். ஐந்து வீட்டிலும் கிழியும் வரை ஓடியது. சிபில் வெத்தசிங்கவின் குடைத் திருடன் கதை 1956 இல் சிங்களத்தில் வந்தது. படத்தைக் காட்டி எங்கள் வாயால் தமிழில் சொன்னோம். குடையை ஆர் எடுத்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி. மட்டக்களப்பில் மட்டக்களப்புத் தமிழில், ஹற்றனில் மலையகத் தமிழில். குரங்கு எல்லா இடத்திலும் குரங்குதான். நல்ல புத்தகம் பக்கத்தில் இருக்கிற பெரியாளை வேலைக்கு இழுக்கிறது. எங்கள் அளவுகோல் இதுதான்.

அப்படியானவற்றை எங்களுடைய ஆட்கள் ஏன் செய்யவில்லை? பிள்ளைப் பாட்டு என்றால் இன்றைக்கும் நாங்கள் ஓடிப் போய் எடுப்பது நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத்தான். அவர் 1953 இல் இறந்துவிட்டார். ஆடிப்பிறப்புப் பாட்டை மேடையில் பாட வைக்கிறோம், போட்டி வைக்கிறோம், கேடயம் கொடுக்கிறோம். கடிக்கக்கூடிய தடித்த அட்டையில், பெரிய படத்தோடு, ஒரு வயதுப் பிள்ளையின் கைக்கு அடக்கமாக அதைக் கொடுக்க யோசித்தவர்கள் எத்தனை பேர்? பேராசிரியர் கவிதைத் தொகுப்பு வெளியிட மண்டபம் எடுக்கிறார். குழந்தைப் புத்தகம் என்றால் 'அது சின்ன வேலை'. இலக்கியச் சந்திப்புகளில் குழந்தைகளுக்கான எழுத்து கடைசி அமர்வில், தேத்தண்ணிக்குப் பிறகு, ஆட்கள் எழும்பிப் போகிற நேரத்தில் வருகிறது. பள்ளிக்கூட நூலகங்களுக்கு நல்ல படப் புத்தகங்கள் வந்தாலும், 'பிள்ளையள் கிழிச்சுப் போடுங்கள்' என்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிற ஒரு இடத்தை நாங்களே பார்த்தோம். பூட்டி வைத்த புத்தகம் கிழியாது, உண்மைதான்.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைச் செய்து பார்த்தோம். பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டால் இறக்கலாம், அச்சிடலாம், சொல்லையும் மாற்றலாம் என்று உரிமம் தந்திருக்கிறார்கள். ஆறு கதைகளை எடுத்து, 'சாவி'யைத் திறப்பாக்கி, 'நிலக்கடலை'யைக் கச்சானாக்கி, சாதாரணத் தாளில் அச்சிட்டு, ஓரத்தைத் தையல் மெசினால் தைத்தோம். அழகு என்று சொல்ல மாட்டோம். இரண்டு கிழிந்தன, திரும்ப அச்சிட்டோம். ஹற்றன் பிரதிக்கு வேறு சொற்கள் வேண்டும் என்று தோழி மல்லுக்கட்டி மாற்றினாள். அவளுடைய பிரதிகள் மூன்று இப்போது அந்தப் பிள்ளைக் காம்பராவில், எட்டக்கூடிய தட்டில் கிடக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கிற அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வாசிக்கிறாராம். வாசிக்கிற நேரம் சத்தம் கூடத்தானாம்.

ஆகவே, சாமான் பாவித்துப் பார்த்துச் சொல்கிற அக்காமாரிடமும், குறைவாகவே இருக்கிற அண்ணாமாரிடமும் நாங்கள் கேட்பது சில விசயங்கள்தான். இனாமாக வந்தது என்றால் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் சாமானைக் காட்டுங்கள், அது நடிக்கச் சம்மதிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, உடைந்த பிறகு, இன்னொரு வீடியோ போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால்மாவைக் காட்டாதீர்கள். பிறகு ஒரேயொரு முறை, 'இதைக் குடுத்தாப் பிறகு பேசாம இருக்குது' என்று சொல்ல வருகிற இடத்தில், அன்றைக்கு வீட்டில் வேறு யார் இருந்தது, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.