கோடைக்கு ஒரு பழக்கலவை

சித்திரை மாதத்து நடுப்பகலில் திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் பிரயாணம் செய்பவர்கள் சாலையோரத்தில் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. ஓலைக் கொட்டகைகளின் நிழலில் தர்ப்பூசணிகள் பச்சைக் குன்றுகளாகக் குவிந்திருக்கும். அருகே குலைகுலையாக நுங்கு. சற்றுத் தள்ளி, முறம் அகலத்து நிழலில் ஒரு மூதாட்டி, வைக்கோல் சுற்றிய வெள்ளரிப்பழங்களை முன்னே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பண்ணுருட்டிப் பலாவின் வாசனை, கண்ணுக்குப் பழம் தெரியுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பகல் ஒன்றில் விழுப்புரத்தில் நடந்த ஒரு கலியாணத்துக்கு நாம் போயிருந்தோம். விருந்தின் முடிவில், "ப்ரூட் ஸாலட் வருகிறது, எழுந்துவிடாதீர்கள்!" என்று பிள்ளை வீட்டார் உபசரித்தார்கள். வந்தது. மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கஞ்சி. அதில் தகரடப்பாவிலிருந்து எடுத்த அன்னாசித் துண்டுகள். மேலே கிரீடம் வைத்தாற்போல் சிவந்த செர்ரிப் பழம் ஒன்று. கலியாண மண்டபத்தின் வாயிலிலேயே, வாங்குவாரின்றி வெயிலில் வாடிக்கொண்டிருந்தது தர்ப்பூசணி வண்டி. உள்ளே டப்பா அன்னாசி! பந்தியில் அமர்ந்தவர்களில் ஒருவருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று நமக்கும் தோன்றவில்லை. இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கினோம்.

அந்த மஞ்சள் கஞ்சியின் பூர்வோத்தரத்தைப் பின்னர் விசாரித்தோம். 1837-ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்து மருந்து வியாபாரி ஆல்பிரட் பேர்டு என்பவர், தம் மனைவியின் தேகத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால், முட்டையில்லாமல் சோளமாவைக் கொண்டு கஸ்டர்டு பொடி செய்தாராம். மனைவியிடம் அவர் வைத்திருந்த அன்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அவருடைய மனைவிக்கு முட்டை ஆகாத காரணத்தால், விழுப்புரத்தில் பழம் தின்ன வேண்டியவர்கள் எல்லாரும் மாவுக்கஞ்சி குடிக்க வேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

செர்ரியின் கதை இதைவிட ரசமானது. நம் கடைகளில் செர்ரி என்று விற்பதில் பெரும்பகுதி செர்ரியே அல்ல; நமது வேலியோரத்துக் களாக்காய்தான். கொட்டையை நீக்கி, இயற்கை நிறத்தை வெளுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, செயற்கைச் சாயம் ஏற்றி, பரதேசப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். டூட்டி ப்ரூட்டி என்று பலநிறத்தில் மின்னும் துணுக்குகளும் அப்படியே, அவை பப்பாளிக்காய். களாக்காய் என்ற பெயரோடு வந்தால் காலணாவுக்கு மதிக்காதவர்கள், செர்ரி என்றால் குழந்தையின் வாயில் முதலில் ஊட்டுகிறார்கள்.

இந்தச் சாய விஷயத்தை நாம் எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், தர்ப்பூசணிக்குள் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாடெங்கும் பரவியது. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிய அந்தப் பேச்சினால் வாங்குகிறவர்கள் பயந்து ஒதுங்கினார்கள், விலை சரிந்தது, திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2024 நவம்பர் 30 இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்து, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. வெள்ளம் வடிந்த நிலத்தை மறுபடி உழுது, தர்ப்பூசணி விதையை ஊன்றி, எழுபது எண்பது நாள் கண்ணும் கருத்துமாய்க் காத்த பழம் அது. புயலுக்குத் தப்பியது புரளிக்குத் தப்பவில்லை.

சற்றே யோசித்துப் பார்க்கலாம். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். தோலில் ஊசி குத்தினால் துவாரம் விழும். துவாரத்தின் வழியே கிருமி புகும். வெயிலில் பழம் விரைவில் அழுகும். உள்ளே செலுத்திய சாயமும் சதையெங்கும் ஒரே சீராகப் பரவாமல், குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாக நிற்கும். லாரி லாரியாக விற்பவன் ஒவ்வொரு பழத்துக்கும் ஊசி போட்டு அழுகவைத்து என்ன லாபம் காணப்போகிறான்? தக்காளியைச் சிவக்கவைக்கும் லைக்கோபீன் என்ற பொருளே தர்ப்பூசணியையும் சிவக்கவைக்கிறது. மெய்யாகவே பயப்பட வேண்டுமானால், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்துக்குப் பயப்படுங்கள். அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. சாலையோரத்தில் ஈ மொய்க்க வெட்டி வைத்திருக்கும் துண்டுகளுக்கும் பயப்படுங்கள். முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பயம் வேண்டியதில்லை.

இனி, நம் வீட்டில் செய்கிற முறையைச் சொல்லுகிறோம். ஆறு பேருக்குப் போதும்.

முதலில் பலா. பத்துப் பன்னிரண்டு சுளைகளைக் கொட்டை நீக்கி நீளவாக்கில் நறுக்குங்கள். முழுப் பலாவை அரிவதானால் கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். பிசின் ஒட்டிய கையை எதிலும் வைக்க முடியாது. நூறு கிராம் பனங்கற்கண்டை ஒரு தம்ளர் தண்ணீரில் கரையவிட்டு, நான்கு ஏலக்காய் தட்டிப் போட்டு, இளம்பாகாகக் காய்ச்சி ஆறவையுங்கள். ஆறிய பாகில் பலாச்சுளை அரைமணி நேரம் ஊறட்டும். பலா கெட்டிச் சதையுள்ளது. ஊறினால்தான் மற்றப் பழங்களோடு இணங்கும்.

அடுத்தது நுங்கு. கட்டைவிரலால் அழுத்தினால் குழையும் இளசாகப் பன்னிரண்டு எடுத்து, துவர்க்கும் மேல்தோலை உரித்து, உள்ளிருக்கும் நீர் வீணாகாமல் பாகின் மேலேயே பிய்த்துப் போடுங்கள். முற்றிய நுங்கு கடிபடாது. அதைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடலாம், அவர்களுக்கு எதுவும் கடிபடும். பிறகு நடுத்தர மாம்பழம் இரண்டு, சிறு சதுரங்களாக.

வாழைப்பழத்தில் ஒரு தொல்லை உண்டு; நறுக்கிய கால்மணிக்குள் கறுத்துப்போகும். ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டு, பூவன் பழம் நான்கை வில்லைகளாக அதிலேயே நறுக்கிப் புரட்டினால் புளிப்பு அந்தக் கறுப்பைத் தடுக்கும். திண்டிவனத்துக்காரர்கள் எலுமிச்சைக்குப் பதில் புளி கேட்கக்கூடும். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதே அவ்வூரின் பெயர். இந்த ஒரு பண்டத்தில் மட்டும் அவர்கள் ஊர்ப்பற்றைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும்.

தர்ப்பூசணியும் வெள்ளரிப்பழமும் கடைசியில்தான் சேர வேண்டும். வெட்டுமுன் தோலை நன்றாகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் தோலிலுள்ள மண்ணைக் கத்தியே சதைக்குள் கொண்டுசேர்க்கும். தர்ப்பூசணியை முன்கூட்டியே போட்டால் பாகின் இனிப்பு அதன் நீரை வெளியே இழுத்து, கலவை ரசமாகிவிடும். வெள்ளரிப்பழமோ தானே வெடித்து நிற்கும் பழம், மாவாய் உதிரும். மேலே தூவினாற்போல் போட்டு ஒரே ஒருமுறை புரட்டினால் போதும். நம் பாட்டிமார் இந்தப் பழத்தை வெல்லத்தோடு பிசைந்து கொடுத்தது யாருக்கு மறந்திருக்கும்? ப்ரூட் ஸாலட் என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்த ப்ரூட் ஸாலட் அதுதான்.

முடிவில் ஒரு சிட்டிகை உப்பு. இனிப்பில் உப்பா என்று முகம் சுளிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்: ஸாலட் என்ற சொல்லே உப்பிட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

பாலோ கஸ்டர்டோ சேர்க்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் பாலின் புரதத்தைச் சிதைக்கும் சத்து இருக்கிறது. பாலில் கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசந்துவிடும். டப்பா அன்னாசி மட்டும் கசப்பதில்லை. டப்பாவில் அடைக்கும்போது ஏற்றும் சூட்டில் அந்தச் சத்து அழிந்துபோகிறது. கலியாண வீட்டுச் சமையற்காரர் டப்பாவைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது. அவர்மேல் நமக்கு இருந்த கோபத்தில் பாதி தணிந்தது.

நேயர்களில் சிலர், தர்ப்பூசணி சுதேசிப் பழமா என்று நம்மை மடக்கலாம். அல்லதான். அது ஆப்பிரிக்காவில் பிறந்தது; எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் அதன் விதைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அன்னாசியும் பப்பாளியும் கொய்யாவும் முந்திரியும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தவை. நாம் பழத்தின் ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. கொடுக்கிற காசு யார் மடியில் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுகிறோம். மயிலத்துக்காரன் தன் நிலத்தில் விளைவித்துச் சாலைக்குக் கொண்டுவந்த பழத்தை, அவன் கையிலிருந்தே பேரம் பேசாமல் வாங்கினால், பாதி விலையை இடைத்தரகர் எடுத்துக்கொள்வது அன்றைக்காவது நிற்கும்.

கலவையை மண்சட்டியில் வைத்து ஈரத்துணி சுற்றி, ஒருமணி நேரம் நிழலில் குளிரவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் அதில் வைக்கலாம். அன்றே தின்று தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. தர்ப்பூசணித் தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதியைச் சீவி, பாசிப்பருப்பு சேர்த்தால் மறுவேளைக்குக் கூட்டு ஆயிற்று. மிச்சமுள்ள பச்சைத் தோலையும் பலாச்சடையையும் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். நமக்குச் சொல்லியனுப்ப வேண்டிய அவசியம் இருப்பதில்லை. தெருக்கோடிப் பசு வாசனை பிடித்துத் தானே வாசலில் வந்து நின்றுவிடுகிறது.