ஜெபம் பண்ணுங்க, கூடவே கட்டுப் போடவும் கத்துக்கங்க

ரெண்டு மாசமா பொட்டி தட்டுற வேலையில மூழ்கிப் போனதால இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் கோவம்.

காலேஜ்ல நாலு வருஷம் என் ரூம்மேட்டா இருந்தவன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். மெக்கானிக்கல் முடிச்சு, கிடைச்ச வேலையையும் விட்டுட்டு, மிஷனரியா கென்யாவுக்குப் போறான். கிளம்புறதுக்கு முன்னாடி ஆறு வாரப் பயிற்சி. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். ஸ்வாஹிலி, மலேரியா மாத்திரை, பெரியவங்களுக்கு எப்படி மரியாதை செய்யணும், எதைச் சாப்பிடக் கூடாது எல்லாம் சொல்லிக் குடுத்தாங்களாம்.

"எல்லாம் சரிடா, குண்டு வெடிச்சா என்ன பண்ணுவே?"ன்னு சும்மா கேட்டேன்.

"ஜெபம் பண்ணுவேன் மச்சி"ன்னு சிரிச்சான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "வகுப்புல ஒருத்தர் கேட்டாரு. தூதரகம் சொல்றபடி நடந்துக்கங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க"ன்னான்.

சாப்பாட்டுக்கு ஒரு நாள் பூரா வகுப்பு. குண்டுக்கு ஒரு வரி. இது விசுவாசம் இல்லைங்க, பொறுப்பில்லாத்தனம்.

"எங்கயோ நடக்கறதைச் சொல்லி பயமுறுத்தாதே"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு சம்பவம்.

2003 மார்ச் 4, பிலிப்பைன்ஸ் தவாவ் விமான நிலையம். வெளிய காத்திருக்கற கொட்டகையில குண்டு வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. அதுல ஒருத்தர், ஊர்லேர்ந்து வர்ற சக மிஷனரி குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வந்த அமெரிக்க மிஷனரி. வந்திறங்கின அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் காயம்.

2016 மார்ச் 22, பிரஸ்ஸல்ஸ் விமான நிலையம். அமெரிக்கா கிளம்பின ஒரு பிரெஞ்சு மிஷனரிப் பெண்ணை வழியனுப்ப மூணு அமெரிக்க மார்மன் மிஷனரிகள் வந்திருந்தாங்க. நாலு பேருக்குமே காயம். அதுல 19 வயசுப் பையன் ஒருத்தன், 2013ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சப்பவும் பக்கத்துத் தெருவுல நின்னவன். எங்கயோ நடக்கறது ஒரே ஆளை ரெண்டு தடவை தேடி வந்திருக்கு.

சரி, தெரிஞ்சு வச்சிருந்தா மட்டும் என்ன ஆயிடும்? இதையும் கேப்பீங்க. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ஜன்னல். 1998 ஆகஸ்ட் 7, நைரோபி அமெரிக்கத் தூதரகம். லாரி குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல சண்டைச் சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு பாக்க சுத்தியிருந்த கட்டடங்கள்ல இருந்தவங்க ஜன்னலுக்கு ஓடினாங்க. அப்பத்தான் லாரி வெடிச்சுது. கண்ணாடி பறந்து பல பேருக்குக் கண்ணே போச்சு. வெளிய வெடிச் சத்தம் கேட்டா ஜன்னல் பக்கம் போகாதே, கீழே குனிஞ்சு உள்பக்கம் போன்னு சொல்லித் தர எத்தனை நிமிஷம் ஆகும்? என் நண்பன் போற நாடு அதேதான், ஆனா அவனுக்கு இதை யாரும் சொல்லல.

ரெண்டு, அடுத்த குண்டு. 2002 அக்டோபர் 12, பாலி. முதல்ல ஒரு மதுக்கூடத்துக்குள்ள சின்ன குண்டு. பதறி ஜனங்க தெருவுக்கு ஓடி வந்ததும் எதிர்ல நின்ன வேன்ல பெரிய குண்டு. 202 பேர் செத்தாங்க. பிரஸ்ஸல்ஸ்லயும் சில விநாடி இடைவெளியில ரெண்டு குண்டு, வெடிக்காத மூணாவது பையை பிற்பாடு போலீஸ் வெடிக்க வச்சு அழிச்சாங்க. அதனால முதல் வெடிக்கு அப்புறம் கூட்டத்தோட கூட்டமா வாசல்ல நிக்கறது ஆபத்து.

மூணு, தூரம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு அட்டையே போட்டிருக்கு. ரெண்டேகால் கிலோ குழாய் குண்டுன்னா 70 அடிக்குள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாது, வெட்டவெளியில நிக்கறவங்க 1200 அடி தள்ளிப் போகணும். சூட்கேஸ் அளவுன்னா அது 150 அடியும் 1850 அடியும் ஆயிடும். அதாவது அரை கிலோமீட்டருக்கு மேல. நாம என்ன பண்றோம்? எங்க ஆபீசுக்கு ஒரு தடவை மிரட்டல் மெயில் வந்துச்சு. அத்தனை பேரும் லேப்டாப்பைத் தூக்கிட்டு இறங்கி, அதே கண்ணாடிக் கட்டடத்துக்கு அடியில இருக்கற கடையில டீ குடிச்சோம். நானுந்தான். புரளியா இருந்ததால இந்தப் பதிவை எழுதிட்டிருக்கேன்.

போன்ல மிரட்டல் வந்தாலும் அப்படித்தான். பதட்டத்துல போனை வைக்காம பேச்சை இழுக்கணும். எப்ப வெடிக்கும், எங்க இருக்கு, பாக்க எப்படி இருக்கும், ஏன் வச்சேன்னு கேக்கணும். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கணும். பின்னாடி வண்டிச் சத்தமா, மிஷின் சத்தமான்னு கவனிக்கணும். பக்கத்துல இருக்கறவருக்கு சீட்டு எழுதிக் காட்டி போலீசைக் கூப்பிட வைக்கணும். சந்தேகமான பையைத் தொடக் கூடாது, அதுகிட்ட நின்னு செல்போன்ல பேசக் கூடாது. ஒரே ஒரு பக்கத்துல அடங்குற விஷயம்.

இப்ப எதிர்வாதங்களுக்கு வரேன்.

"கடவுள் காப்பாத்துவார்." நான் அந்த நம்பிக்கை இல்லாதவன், ஆனா கேலி பண்ண வரல. அதே கடவுள் மலேரியாவுலேர்ந்தும் காப்பாத்துவார்தானே? அப்புறம் ஏன் மாத்திரை குடுக்கறீங்க? கொசுவுக்கு ஒரு நியாயம், குண்டுக்கு ஒரு நியாயமா?

"குண்டை விட ரோடு விபத்துல சாகறதுதான் அதிகம்." ஒத்துக்கறேன், இது நேர்மையான கேள்வி. ஆனா குண்டுல அடிபட்டவனும் பஸ்ல அடிபட்டவனும் ரத்தம் போய்த்தான் சாகறாங்க. காயத்தை பலமா அழுத்திப் பிடிக்கறது, கை கால்ல நிக்காத ரத்தம்னா காயத்துக்கு ரெண்டு மூணு அங்குலம் மேல, மூட்டு மேல படாம, இறுக்கிக் கட்டறது, கட்டின நேரத்தைக் குறிச்சு வைக்கறது. குண்டுக்குன்னு கத்துக்கிட்டாலும் ரோட்டுல உதவும்.

"மதம் மாத்தப் போறவனுக்கு நல்லா வேணும்." இதை எழுத கை அரிக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. தவாவ்ல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க உள்ளூர் ஜனங்க. குண்டு யாரோட கொள்கையையும் விசாரிச்சுட்டு வெடிக்கறதில்ல. மதமாற்றத்தைப் பத்தி சண்டை போடணுமா, தனிப்பதிவு போடுங்க, நானும் வரேன். பிணத்து மேல நின்னு வேண்டாம்.

என் கோவத்தோட நடு மையம் இந்த உள்ளூர் ஜனங்கதான். வெளிநாட்டுக்காரரை விமானம் ஏத்தி அனுப்பறதோட முடியற திட்டம் திட்டமே இல்ல. அவருக்கு சமைக்கற அம்மா, வாசல்ல உக்காந்திருக்கற வாட்ச்மேன், உள்ளூர் போதகர், இவங்க எங்க போவாங்க? எச்சரிக்கை இவங்களுக்கும் போகணும், பயிற்சியும்தான்.

எச்சரிக்கை போகலைன்னா என்ன ஆகும்னு நமக்கு நல்லாவே தெரியும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர். இந்தியாவுலேர்ந்து முன்கூட்டியே தகவல் போயும், இலங்கை அதிகாரிங்க தேவாலயங்களுக்குச் சொல்லல. 260 பேருக்கு மேல செத்தாங்க. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல முதுகுப் பையோட வந்தவனை சந்தேகப்பட்டு ஒருத்தர் உள்ள விடாம தடுத்தார். வெளியிலயே வெடிச்சதுல அவர் போயிட்டார், உள்ள இருந்த எத்தனையோ பேர் பிழைச்சாங்க. எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு மனுஷனோட சந்தேகம் இவ்வளவு பண்ணுச்சுன்னா, எச்சரிக்கையும் குடுத்திருந்தா?

நம்ம துறை ஆளுங்களுக்கும் ஒண்ணு. பிரஸ்ஸல்ஸ்ல அதே காலையில மெட்ரோவுலயும் குண்டு வெடிச்சுது. அந்த ரயில்ல செத்தவங்கள்ல வேலைக்காக அங்க போயிருந்த நம்ம ஊர் மென்பொருள் பொறியாளர் ஒருத்தரும் உண்டு. ஆன்சைட் கிளம்பறப்ப விசா, வரி, குளிருக்கு ஜாக்கெட்னு எனக்கு எல்லாம் சொன்னாங்க. இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மிஷன்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா நான் அயோக்கியன்.

நண்பன் நான் சொன்னதை அவங்க ஆபீஸ்ல கேட்டானாம். "அடுத்த பேட்ச்சுக்குப் பாக்கலாம்"னாங்களாம். இவன் அடுத்த மாசம் கிளம்பறான். அதனால இந்த சனிக்கிழமை நானும் அவனும் முதலுதவி வகுப்புக்குப் போறோம். ஃபீஸ் என் கணக்கு.

டிஸ்கி: மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல தாராளமா வாங்க. ஆனா முதல்ல உங்க ஆபீஸ்ல மிரட்டல் வந்தா எங்க போய் நிக்கணும்னு கேட்டுட்டு வாங்க. டீக்கடைன்னு சொன்னாங்கன்னா அதையும் எழுதுங்க.