சார்ஜர் சண்டை: சட்டம் வென்றது!

மேஜை டிராயரைத் திறந்தால் பழைய சார்ஜர்கள் பாம்புக் குட்டிகள் போல் பின்னிக் கிடக்கின்றன. புதிய போனுக்கு ஒன்றாவது பொருந்துகிறதா? இல்லை!

இந்தத் தொல்லைக்கு ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் புதிய போன்களில் "யு.எஸ்.பி.-சி" துளை கட்டாயம்.

ஆப்பிள் கம்பெனி எதிர்த்துப் பார்த்தது. புதுமை தடைப்படும் என்றது. கடைசியில், 2012 முதல் வைத்திருந்த தன் "லைட்னிங்" துளையை 2023-ல் ஐபோன் 15-ல் கைவிட்டது. நல்லதுதான்!

ஆனால், வயர் வாங்குகிறவர்கள் உஷார்! முனை ஒன்று, உள்ளே சரக்கு வேறு. ஒரு வயர் 60 வாட்தான் தாங்கும்; இன்னொன்று 240 வாட் தாங்கும். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்! "எத்தனை வாட்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஐரோப்பாவில் போனுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதைப் பெட்டி மேலேயே அச்சடிக்கவேண்டும்.