கண்காணி



நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைச் சென்ற மாதம் அவருடைய வீட்டில் சந்தித்தேன். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அவர் தனியே வாழ்கிறார். ஒரே மகன் கடல் கடந்த தேசத்தில் வேலை செய்கிறார். முன் அறையில், வசனக் காலண்டர் தொங்கும் சுவரின் அருகே அமர்ந்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அன்று அவர் என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்றார். காரணம் கேட்டேன். அலமாரியின் மேலிருந்த உள்ளங்கையளவு கேமராவைக் கண்ணால் காட்டினார். ஆள் நகரும் திசையில் தானும் திரும்பும் வகை அது.

"பாசத்துலதான் வச்சிருக்கான், ஐயா. ஆனா அதுக்கு முன்னால முழங்கால் போட்டு அழ முடியல" என்றார்.

ஆறு மாதமாக அவர் அடுப்படியில் ஜெபித்துவருகிறார்.

தொழில்நுட்பத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. உபாகமம் 22:8-இல் புதுவீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு: மாடியிலிருந்து எவரும் தவறி விழாதபடி அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். வீட்டுப் பாதுகாப்பு ஆவிக்குரிய காரியமல்ல என்று எண்ணுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் காலடி அசைவை உணர்ந்து தானே எரியும் விளக்கு, எரிவாயு கசிந்தால் ஒலியெழுப்பும் கருவி, கீழே விழுந்ததை உணர்ந்து பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பும் கைக்கடிகாரம் ஆகிய யாவும் இக்காலத்தின் கைப்பிடிச் சுவர்களே. மூட்டுவலியால் எழ இயலாதவர், படுத்தபடியே வாயால் சொல்லி விளக்கேற்றுவது சிறிய நன்மையல்ல. இவற்றை நன்றியோடு வாங்கிக்கொடுங்கள்.

ஆனால் கைப்பிடிச் சுவர் யாரையும் பார்ப்பதில்லை. கேட்டதைப் பிறரிடம் சொல்வதுமில்லை. வீட்டில் வைக்கும் கேமராவும் பேசும் ஸ்பீக்கரும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுள் பல, தாம் கண்டதையும் கேட்டதையும் நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்புகின்றன. 2023 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ரிங் என்னும் கேமரா நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்றும், ஓர் ஊழியர் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராக்களில் பதிவான ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்தார் என்றும் அதில் கூறப்பட்டது. 58 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. அதே வேளையில், அலெக்சாவில் குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததான வழக்கில் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 2016-இல் மிராய் என்னும் தீநிரலோ, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் திரளாகக் கைப்பற்றியது. பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். உங்கள் வீட்டுக் கேமராவின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள்.

இவை அந்நியர் பார்ப்பதைப் பற்றியவை. அந்தத் தாயாரின் துயரமோ சொந்த மகன் பார்ப்பதைப் பற்றியது. ஆகவே அது எனக்கு இன்னும் கடினமான கேள்வியாக நிற்கிறது.

நம் மொழியில் 'கண்காணி' என்னும் சொல்லுக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. நம் வேதாகமத்தில் அது சபையின் மூப்பனுக்குரிய சொல்; பேதுரு தம் முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்துவையே நம் ஆத்துமாக்களின் மேய்ப்பர் என்பதோடு சேர்த்து அச்சொல்லாலும் அழைக்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் அதே சொல் 'கங்காணி' ஆயிற்று. கூலியாட்களைத் திரட்டிக் கொண்டுபோய், அவர்கள் வேலையை மேற்பார்த்தவர் அவர். இருவரும் பார்த்துக்கொண்டிருப்பவர்களே. மேய்ப்பர் ஆட்டுக்காகப் பார்க்கிறார், கங்காணி தோட்டத்துக்காகப் பார்த்தார். நம் வீட்டு மூலையில் இருக்கும் கேமரா இவ்விருவரில் யாருடைய கண் என்பதை, அதை வைத்தவர் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதன் முன்னே வாழ்கிறவரைக் கேட்க வேண்டும்.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆகார் வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் இருக்கிறாள். தேவன் தன்னைக் கண்டார் என்பது அவளுக்கு ஆறுதலாயிற்று. ஏன்? கர்த்தருடைய தூதனானவர் தூரத்திலிருந்து நோக்கிவிட்டுப் போகவில்லை. அருகே வந்தார், பெயர் சொல்லி அழைத்தார், அவள் வந்த வழியையும் போகும் இடத்தையும் விசாரித்தார். யாக்கோபின் நிருபம் விதவைகளுக்குச் செய்யச் சொல்வதும் இந்த விசாரிப்பைத்தான். விசாரிப்பதற்கு வாய் வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க நேரம் வேண்டும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் அச்சத்தை நான் அறிவேன். நள்ளிரவில் தொலைபேசி எடுக்கப்படாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும் வேதனை, அருகிலிருப்பவர்களுக்குப் புரியாது. என்றாலும் தாய் தகப்பனைக் கேட்காமல் அவர்கள் வீட்டில் கண் பொருத்தாதீர்கள். 2017-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் வாழும் சகோதரரின் சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா வைத்தது அவ்வுரிமைக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. சகோதரருக்குக் கிடைத்த மரியாதை பெற்றவளுக்கு வேண்டாமா? கேமரா வேண்டுமென்றால் அது வாசலைப் பார்க்கட்டும். படுக்கையறையிலும் ஜெபிக்கும் இடத்திலும் வேண்டாம். கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி நம் ஆண்டவர் சொன்னாரே. அதை அணைக்கும் விதத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், அணைத்தால் கோபிக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிற சகோதரிக்கும் அங்கே கேமரா இருப்பதைச் சொல்லுங்கள். அவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவரே.

இனி என் குற்றம். கேமரா வைத்த நாட்களில் அந்த மகன் என்னோடு தொலைபேசியில் பேசி, "அம்மாவைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா" என்றார். எனக்கு மனம் இலகுவாயிற்று. சந்திக்க வேண்டியவர்களின் பட்டியலில் அத்தாயாரின் பெயரைக் கீழே தள்ளினேன். ஐந்து மாதம் நான் அந்த வீட்டுப் படியேறவில்லை. கண்காணி என்ற பொறுப்பை ஏற்ற நானே அதை ஒரு கருவியிடம் ஒப்புவித்திருந்தேன். இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வந்துட்டீங்கல்ல" என்று சொல்லிக் காப்பி போட எழுந்தார்.

தாயும் மகனும் பேசிவிட்டார்கள். கேமரா இப்போது வாசற்கதவை நோக்கியிருக்கிறது.

நம் சபையில் தனியே வாழும் முதியவர்களின் வீடுகளை எண்ணிப் பார்த்தேன்; பதினேழு இருக்கின்றன. என் ஒருவனால் வாரந்தோறும் அங்கெல்லாம் செல்ல இயலாது. புதன்கிழமை மாலையில் இருவர் இருவராகச் சென்று, அரைமணி நேரம் அமர்ந்து பேசிவர விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் சபைச் செயலரிடம் பெயர் கொடுங்கள். வாலிபர்கள் வந்தால் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொடுத்துவிடலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்