பழைய கருவிகளும் கம்பெனிகளின் கடமையும்

கைபேசி, ரவுட்டர் முதலிய கருவிகளை இயக்குவது அவற்றினுள் பதிந்திருக்கும் பர்ம்வேர் என்னும் மென்பொருளேயாகும். அதில் பிழை காணப்பட்டால் திருத்தும் சக்தி பெரும்பாலும் கருவியைச் செய்த கம்பெனிக்கே உண்டு. விலை கொடுத்து வாங்கியவனுக்கு இல்லை. ஆகவே, எந்தப் பிழையை முதலில் திருத்துவது, எதைக் கைவிடுவது என்று கம்பெனிகள் செய்யும் தீர்மானம் அவர்களுடைய சொந்த விவகாரமன்று; பொது ஜனங்களின் விவகாரமாகும்.

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. பிழையின் அபாயத்தை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, திருடர்கள் ஏற்கனவே புகுந்துவரும் ஓட்டைகளை முதலில் அடைப்பதும், சில்லறைக் குறைகளைப் பின்தள்ளுவதும் விவேகமே. ஒவ்வொரு மாடலிலும் திருத்தத்தைப் பரீட்சித்துப் பார்க்கச் செலவாகிறது. சிப் தயாரித்தவர் கைவிட்டபின் கருவி தயாரித்தவர் செய்யக்கூடியதும் குறைவே.

ஆனால், "பழையது, இனி இயலாது" என்பது எப்பொழுதும் உண்மையன்று. 2013-ல் வெளிவந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஆப்பிள் கம்பெனி ஒரு பாதுகாப்புத் திருத்தம் அளித்தது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இதற்கு மாறாக, 2024 ஏப்ரலில் டி-லிங்க் கம்பெனியின் பழைய சேமிப்புக் கருவிகளில் பெரும் ஓட்டையொன்று வெளிப்பட்டபோது, திருத்தம் கிடையாது, கருவியையே மாற்றிக்கொள்க என்பதே கம்பெனியின் பதிலாயிற்று.

கைவிடுவதைக் காட்டிலும் மறைத்தல் பெரிய குற்றம். பாட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க ஆப்பிள் 2017 ஜனவரியில் ஒரு திருத்தம் தந்தது. அது கைபேசியின் வேகத்தைக் குறைக்கும் என்பதை வாங்கியோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில்தான் விஷயத்தை ஒப்புக்கொண்டது. அறிவிக்கத் தவறியதற்காகப் பிரான்ஸ் தேசத்து அதிகாரிகள் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தனர். திருத்தம் தவறன்று, மௌனமே தவறு.

எனவே நாம் கோருவன மூன்று. முதலாவது, எத்தனை வருஷம் திருத்தங்கள் கிடைக்கும் என்பதை விற்கும்போதே தெரிவிக்கவேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் இது சட்டம். ஐரோப்பிய யூனியனும் 2024-ல், பொதுவாக 5 வருஷமேனும் திருத்தம் தரவேண்டுமென்று சட்டமியற்றியிருக்கிறது. இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தத்தைப் புதிய ஆடம்பரங்களோடு முடிச்சுப்போட்டுப் பழைய கருவியின்மீது சுமத்தலாகாது. மூன்றாவது, கம்பெனி கைவிடும் நாளில் பூட்டைத் திறந்துவிட்டு, வல்லவர் பிறர் திருத்த வழிவிடவேண்டும். தானும் செய்யாமல் பிறரையும் செய்யவிடாமல் தடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

புதியதை விற்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. பழையதை வாங்கியவனும் முழு விலை கொடுத்தவனே என்பதைக் கம்பெனிகள் மறத்தல் கூடாது. கடைக்குச் செல்லும் நேயர்கள் விலையைக் கேட்குமுன், "திருத்தம் எதுவரை?" என்று கேட்பார்களாக. கேளாதவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.