ஜெர்கின் இல்லாதவன் டூருக்கு வரக்கூடாதா?



மார்கழி பிறந்துவிட்டால் சிங்காரப்பேட்டையில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து பனி இறங்கும். டீக்கடை பாய்லரைச் சுற்றி நாலு பெரியவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவர்கூட ஜெர்கின் போட்டிருக்க மாட்டார். ஆனால் நம் டூர் நோட்டீஸில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "ஜெர்கின் அல்லது ஸ்வெட்டர், ஷூ கட்டாயம்."

ஷூ கட்டாயம் என்பது சரி. தொழிற்சாலைக்குள் செருப்போடு விடமாட்டார்கள், விடவும் கூடாது. நான் கேட்பது ஜெர்கினைப் பற்றி.

ஓசூரில் ஒரு ஃபேக்டரி, பெங்களூருவில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம், கடைசியாக ஊட்டி என்று மூன்று நாள் டூர். பணம் கட்டவே பல வீடுகளில் கைமாத்து வாங்குகிறார்கள். அதற்கு மேல், மூன்று நாள் போட்டுவிட்டு மூன்று வருஷம் பீரோவில் தூங்கப்போகிற ஒரு ஜெர்கினுக்கு யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் வகுப்பில் ஒருவன் பெயரே கொடுக்கவில்லை. கேட்டால், "எனக்கு ஊர் சுத்துறதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்ல மச்சி" என்றான். இன்ட்ரஸ்ட் இல்லாதவனா அவன்? பெல் அடித்த பிறகும் லேத்தை விட்டு நகராதவன்! ஓடுகிற புரொடக்‌ஷன் லைனைப் பார்க்க வேண்டியவனே அவன்தான். அவனைத் தடுத்தது குளிர் அல்ல நண்பர்களே, நோட்டீஸில் இருந்த ஒரு சொல்!

சரி, ஜெர்கின் இல்லாமல் குளிரைத் தாங்க முடியுமா? உணர்ச்சிவசப்படாமல் டிப்ளமோ மாணவனாக யோசிப்போம்.

உயரே போகப் போகச் சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். அதுவும் ஜனவரியில் ஊட்டியில் பகலில் வெயில் சுளீரென்று அடிக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் உறைபனி கொட்டும். ஒரே நாளில் இரண்டு பருவம்! ஒரு தடித்த ஜெர்கினை மட்டும் நம்பிப் போகிறவன் மதியம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவான். இரவிலோ, உள்ளே வெறும் டி-ஷர்ட்டோடு நடுங்குவான்.

ஸ்வெட்டர் சூடு தருகிறது என்று நாம் சொல்கிறோம். ஸ்வெட்டரில் என்ன ஹீட்டரா இருக்கிறது? சூடு தருவது நம் உடம்பு. அது வெளியே போகாமல் பிடித்து வைப்பது, துணிக்குள்ளும் துணிகளுக்கு நடுவிலும் அடைபட்டு நிற்கும் காற்று. காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.025, தண்ணீருக்கு 0.6. அதாவது இருபது மடங்குக்கும் மேல்! ஆகவே இரண்டே விதிதான். ஒன்று, காற்றை அடைத்து வை. இரண்டு, ஈரத்தை விரட்டு. இந்த இரண்டுக்கும் விலை உயர்ந்த ஒரே உடுப்பைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல்.

இது ஏழைக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைக்காதீர்கள். 1924-ல் எவரெஸ்ட்டில் ஏறி மறைந்துபோன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல் கண்டெடுக்கப்பட்டது. அவர் அணிந்திருந்தவை பட்டு, பருத்தி, கம்பளி என அடுக்கடுக்கான மெல்லிய உடைகள். மேலே காற்றைத் தடுக்கும் கபார்டின் துணி. உலகின் உச்சியை நோக்கிப் போனவரே அடுக்கைத்தான் நம்பினார்!

அவ்வளவு தூரம் ஏன்? நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குரும்பர் மக்கள் ஆடு வளர்ப்பதையும் கம்பளி நெய்வதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். அந்தக் கறுப்புக் கம்பளி கொஞ்சம் குத்தும், உண்மைதான். ஆனால் சட்டைக்கு மேல் போர்த்திக்கொண்டால் கொல்லையில் ராக்காவல் இருப்பவருக்கு அதுவே போதும். கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கிறது. கொஞ்சம் ஈரமானாலும் கைவிடுவதில்லை. பருத்தி அப்படியல்ல. நனைந்தால் ஒட்டிக்கொண்டு நம் சூட்டை உறிஞ்சிவிடும். வியர்த்த பனியனோடு இரவில் படுப்பவன்தான் காலையில் "ஐயோ குளிர்" என்று முனகுவான்.

இனி, மூன்று நாள் பையில் என்ன வைப்பது? என் யோசனை இது.

உடம்பில் போட்டுக்கொண்டு கிளம்புவது: பனியன், முழுக்கைச் சட்டை, பேண்ட், சாக்ஸ், ஷூ. பையில் வைப்பது: மாற்றுச் சட்டை இரண்டு, பேண்ட் ஒன்று, பனியன் மூன்று, உள்ளாடை மூன்று, சாக்ஸ் மூன்று ஜோடி. கம்பளி நூல் ஸ்வெட்டர் ஒன்று. அண்ணனுடையதோ மாமாவுடையதோ, கொஞ்சம் லூஸாக இருந்தால் ரொம்ப நல்லது. உள்ளே இரண்டு சட்டை போடலாம். காற்றைத் தடுக்க மழைக்கோட்டு ஒன்று. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் காற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. காதை மூட மங்கி கேப் அல்லது மஃப்ளர். போர்த்த ஒரு போர்வை, ஒரு துண்டு, ஒரு லுங்கி. தோழியருக்குச் சுடிதாருக்கு அடியில் லெக்கிங்ஸ், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் அம்மாவின் சால்வை. அவ்வளவுதான்!

மூன்று எச்சரிக்கைகள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணிக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். படுக்கும்போது உலர்ந்த சாக்ஸ், உலர்ந்த பனியனுக்கு மாறுங்கள். தொழிற்சாலை வாசலிலேயே மஃப்ளரையும் சால்வையையும் கழற்றிப் பையில் வையுங்கள். துப்பட்டாவைப் பின் குத்திவிடுங்கள். சுற்றுகிற சக்குக்கு உங்கள் கழுத்து எது, துணி எது என்று தெரியாது! வெல்டிங் நடக்கும் பக்கம் போனால் நைலான், பாலியெஸ்டர் ஜெர்கினைவிடப் பருத்திச் சட்டையே பாதுகாப்பு. செயற்கை இழை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நோட்டீஸ் கட்டாயம் என்று சொன்ன பொருள், உள்ளே போனால் சில இடங்களில் ஆபத்து. வேடிக்கையாக இல்லை?

"பசங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், "ஜெர்கின் கட்டாயம்" என்ற வரியை எடுத்துவிட்டு, "மூன்று அடுக்கு உடை, காதை மூட ஒன்று, மாற்ற உலர்ந்த ஒரு செட்" என்று எழுதுங்கள். எல்லார் வீட்டிலும் இருப்பதைக் கேட்டால் எல்லாரும் கொண்டுவருவார்கள். கிளம்பும் முன் பையைச் சோதித்தும் பார்க்கலாம். இல்லாததைக் கேட்டால், சிலர் பொய் சொல்வார்கள். சிலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

மாணவர் பேரவைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் வெளியே போகும்போது, பயன்படாத ஸ்வெட்டர், மஃப்ளர், மழைக்கோட்டுகளைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பேரவை அறையில் ஒரு டிரங்குப் பெட்டி போதும். டிசம்பரில் ஊர் ஊராகக் கடை போடும் திபெத்தியர்களிடம் பேரம் பேசி நாலைந்து வாங்கியும் சேர்க்கலாம். வேண்டியவர் பெயர் எழுதி எடுத்துப் போகட்டும். திரும்பி வந்ததும் துவைத்து வைக்கட்டும். யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவே கூடாது. டூல் ரூமில் ஸ்பேனரை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோமே, அதில் யாருக்காவது வெட்கம் உண்டா?

நாளைக்கு நம்மில் பலர் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் விடியற்கால ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான். குளிரைத் தாங்கும் வித்தை நமக்கு மூன்று நாளுக்கு மட்டும் வேண்டியதல்ல. அதை இப்போதே கற்றுக்கொள்வோம். அடுத்த டூர் பஸ் கிளம்பும்போது ஒரு சீட்டுகூட, உடுப்பு இல்லை என்ற காரணத்தால் காலியாக இருக்கக்கூடாது. என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன், சிங்காரப்பேட்டை