இரண்டாம் உருவம்
நவி மும்பை கோபர்கைரனேயில் பழைய சாமான் கடை வாசலில் முதுகு பெருத்த டெலிவிஷன் பெட்டியொன்று கவிழ்ந்து கிடக்கக் கண்டபோது, அந்நாளில் திரையில் செய்தி வாசிப்பவருக்கு வலப்புறம் மங்கலாய்த் தோன்றி நின்ற அவருடைய இரண்டாம் உருவமும், அதன்பொருட்டு அப்பெட்டி வாங்கிய அறைகளும் ஞாபகத்துக்கு வந்தன. 1972 அக்டோபர் 2 முதல் மும்பை வொர்லியிலிருந்து புறப்பட்ட தூரதர்ஷன் அலை, நேரே ஒரு முறையும், குன்றிலோ மாடிக் கட்டடத்திலோ மோதி மறுமுறையும் ஆன்டெனாவை வந்தடைய, 300 மீட்டர் சுற்றிவந்தது ஒரு மைக்ரோசெகண்ட் பிந்திவிடுமாதலால், இடமிருந்து வலமாக ஓடும் எலெக்ட்ரான் கற்றை அதற்குள் சற்றே நகர்ந்துபோய், அவ்வுருவத்தைத் தள்ளி எழுதிவிடும். அறை சில சமயம் பலித்ததும் உண்மையே. ஆயினும் அது விட்டுப்போன ஈயப் பற்றுக்குச் செய்த வைத்தியம். இரண்டாம் உருவம் என்ற வியாதிக்கான ஔஷதமோ, மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்போ?" என்று கத்தியவன் கையில் இருந்தது; ஆனால் கீழே இருப்பவர்கள் படம் தெளிந்த ஆனந்தத்தில் பதில் சொல்ல மறந்துவிட, அவன் மேலும் கொஞ்சம் திருப்பிவிடுவான்.